பம்ப் விழுந்த இடம்

எங்கள் தாலுகாவில் மேடு என்றால் கண்மாய்க்கரை.
ஏறி நின்றால் இரண்டு உப்பளம், ஒரு மினார்,
மிச்சமெல்லாம் வானம்.
ஏழு வருஷமாய் இந்தத் தட்டைத் தரையில்
வீடுவீடாய்க் கரண்டுக் கணக்கு எடுக்கிறேன்.
கியர் இல்லாத சைக்கிள்.
கியர் எதற்கு என்று கேட்கிற மாவட்டம்.

போன ஐப்பசியில், பெருமழைக்கு மறுநாள்
மூக்கையூர்ப் பக்கம் தேரிக்காட்டுக்குள்
செம்மண் பிளந்து கிடந்தது.
ஒன்றரை ஆள் ஆழம். அகலம் ஒரு ஹேண்டில்பார்.
சைக்கிளை இறக்கி, நானும் இறங்கி
உருட்டிக்கொண்டே நடந்தேன்.
இரண்டு பக்கமும் சுவர், அறுத்த தர்பூசணியாய் ஈரமாக.
தலைக்கு மேல் பனைவேர் தொங்கியது.
ஒரு மரத்தின் காலுக்கு அடியில் நடப்பது
அதுதான் முதல் தடவை.
வளைவுக்கு அப்புறம் என்ன என்று தெரியாமல் நடப்பதும்.

நாகூர்பிச்சையிடம் சொன்னேன்.
சங்கு குளிக்கிறவன், என் வயசுக்காரன்.
"பள்ளத்தாக்கா? நம்ம ஊர்லயா?"
சிரித்தான்.
சிரித்து முடித்து, தன் சைக்கிளின்
பின்டயரை அமுக்கிப் பார்த்தான்.

கிளம்புவதற்குள் ஆனி வந்துவிட்டது.
நீர் வத்திய நேரம், கெட்டி மணலில்
எங்களுக்குப் பின்னால் இரண்டு கோடுகள்,
அதைத் திருத்திக்கொண்டே ஓடிய நண்டுகள்.

தேரிக்குள் போய் நின்றால்
பள்ளத்தாக்கைக் காணோம்.
கச்சான் அள்ளிக் கொட்டி, நிரவி,
மேலே வரிவரியாய்த் தன் விரலையும் இழுத்திருந்தது.
"இங்கதான்" என்றேன்.
நின்ற இடத்துக்கு நேர் கீழே
ஒன்றரை ஆள் ஆழத்தில் இருந்தது
என் போன வருஷத்து நடை.
பிச்சை கேலி செய்யவில்லை.
கடலில் அவனும் ஒரு இடத்தைத் தொலைத்திருப்பான்.

சீமைக்கருவேல முள்ளுக்கு எங்கள் தேடல் தெரியாது.
இரண்டு பஞ்சர் ஒட்டி, மாறிமாறிக் காற்றடித்து
வாலிநோக்கம் பாறைக்கு வந்து சேர்ந்தபோது
நிழல் கிழக்கே சாய்ந்திருந்தது.

கடல் கடித்து வைத்த பாறை.
சிப்பி பதிந்த விளிம்பு செருப்பைக் கீறியது.
சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு
ஒரு வெடிப்புக்குள் பக்கவாட்டில் நுழைந்தோம்.
முழங்கால் தண்ணீர். மேலே நீளமாய்க் கிழிந்த வானம்.
பள்ளத்தாக்கு என்றால் எதிரொலி வேண்டுமே?
எனக்குத் தெரிந்த ஒரே கூவலைக் கூவினேன்:
"கரண்டுக் கணக்கு!"

...ணக்கு,
என்றது பாறை.
கொஞ்சம் பொறுத்து, இன்னும் உள்ளேயிருந்து,
...க்கு.

"ஆள் இருக்கு. கதவைத்தான் திறக்க மாட்டேங்குறாங்க."

பிறகு அவன் சொன்னான்,
தீவுக்குத் தெற்கே பார் இரண்டாகப் பிளக்கும் இடத்தை.
அதற்கு அவர்கள் வைத்த பேர் சந்து.
இரண்டு பக்கமும் சுவர், நடுவில் வெள்ளை மணல்.
"சைக்கிளே விடலாம்டா.
அறுபது எண்றதுக்குள்ள அந்த முனைக்குப் போயிரணும்,
அவ்வளவுதான்."
"அந்த முனையில என்ன?"
"நான் அம்பத்தஞ்சுல திரும்பிருவேன்."

தண்ணீர் ஏறத் தொடங்கியது.
திரும்பும்போது பிடி நழுவி
பம்ப் ஒரு இடுக்கில் விழுந்தது.
பிச்சை தோள் மட்டும் கைவிட்டுத் துழாவினான்,
கன்னத்தைப் பாறையில் ஒட்டி, கண்ணை மூடி.
கையை உருவிக்கொண்டு சொன்னான்:
"அடி தட்டலை."

பஞ்சரான சைக்கிளை ஏர்வாடி விலக்கு வரைக்கும்
உருட்டிக்கொண்டே வந்தோம்.
நஷ்டம் நூற்றைம்பது ரூபாய்.
இருட்டில் என் முகம் அவனுக்குத் தெரிந்திருக்காது.

இப்போதும் கண்மாய்க்கரையில் ஏறிப் போகும்போது
நினைத்துக்கொள்கிறேன்,
அலை வந்து அழுத்த, அலை வந்து இழுக்க
அந்த இடுக்கில் அது
எதற்கோ காற்றடித்துக்கொண்டிருக்கிறது.